பெரிய படமும் சின்னப் படமும்
(ஜாங்கோவில் ஒரு பட ஆட்-ஆன் பொருத்திய அனுபவப் பாடம்)



"மலருக்கு ஒரு டெக்னிக்கல் கட்டுரை கொடுடா" என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, புத்தகத்தைப் பார்த்து நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போன செமஸ்டரில் நானே பட்ட பாடு ஒன்று இருக்கும்போது புத்தகம் எதற்கு? அதில் பாதி வெற்றி, பாதி வெட்கம். இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கடைசிப் பகுதி போட்டோ எடுக்கும் எல்லோருக்குமானது.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கீபோர்டில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கதை தொடங்கிய இடம்

இறுதியாண்டு மாணவர்கள் 62 பேரின் படமும் விவரமும் கொண்ட ஒரு வெப் பக்கம் செய்ய வேண்டும், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள் என்று பேரவையில் முடிவானது. வேலை என் தலையில் விழுந்தது. பைத்தான் தெரியும் என்பதால் ஜாங்கோவை எடுத்துக்கொண்டேன்.

ஜாங்கோ என்பது வெப் தளம் கட்டுவதற்கான ஒரு ஃபிரேம்வொர்க். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு என்ற செய்தித்தாள் அலுவலகத்தில், ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இருவர் 2003-இல் தொடங்கிய வேலை அது. 2005 ஜூலையில் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிதார் கலைஞரின் பெயரை அதற்கு வைத்தார்கள். தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் சரியாக இயங்காமல் போன பிறகும் கிதாரில் உலகப் புகழ் பெற்றவர் அவர். இரண்டு அரியர் வைத்துவிட்டு "முடிஞ்சு போச்சு" என்று உட்கார்ந்திருப்பவர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆளாளுக்கு மொபைலில் படம் எடுத்து ஏற்றினார்கள். படத்தைக் காட்டும் இடத்தில் அகலம் 300 என்று எழுதினேன். படங்கள் வரிசையாக, அழகாக, சின்னதாகத் தெரிந்தன. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் நண்பன் ஒருவன் சண்டைக்கு வந்தான். "டேய், உன் பக்கத்தைத் திறந்தேன், பாதி படம்தான் வந்துச்சு. அதுக்குள்ள டேட்டா காலின்னு மெசேஜ் வந்துடுச்சு!"

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அகலம் 300 என்று எழுதினால் படம் சின்னதாகத் தெரியும். ஆனால் வந்து இறங்குவது முழுப் படம்தான். பெரிய மூட்டையைச் சுமந்து வந்து, ஜன்னல் வழியாக ஒரு ஓரத்தை மட்டும் காட்டுவது போல.

மொபைல் படம் ஒன்று 4000 × 3000 புள்ளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஜேபெக்காகச் சுருக்கிய பிறகும் ஒரு படம் ஏறத்தாழ 4 எம்பி. 62 படத்துக்கு 248 எம்பி! நாள் ரீசார்ஜில் கணிசமான பங்கு ஒரே பக்கத்துக்குப் போய்விடுகிறது.

நமக்கு வேண்டியதோ 300 × 300, அதாவது 90,000 புள்ளிகள். பெரிய படத்தில் 133-இல் ஒரு பங்கு. இதை ஜேபெக்காக வைத்தால் ஏறத்தாழ 20 கேபி. 62 படத்துக்கும் சேர்த்து ஒன்றேகால் எம்பிக்குள் முடிந்துவிடும்.

ஆக, படத்தைச் சின்னதாகக் காட்டினால் போதாது, சின்னதாகவே செய்து அனுப்ப வேண்டும். இப்படிச் செய்த படத்துக்குத்தான் தம்ப்நெய்ல் என்று பெயர், கட்டைவிரல் நகம் அளவு என்ற பொருளில். நாம் இங்கே சிறுபடம் என்று சொல்வோம்.

ஆட்-ஆன் எதற்கு?

ஜாங்கோவில் படத்தை ஏற்றி வைக்க இமேஜ்ஃபீல்டு என்ற வசதி உண்டு. அதற்கே பில்லோ என்ற நூலகம் வேண்டும். இல்லையென்றால் ஜாங்கோ முதலிலேயே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் சிறுபடம் செய்து தரும் வேலை ஜாங்கோவில் கிடையாது. அதை நாமே எழுதலாம், அல்லது வேறொருவர் எழுதி வைத்திருப்பதைப் பொருத்திக்கொள்ளலாம். இப்படி வெளியார் எழுதியதைத்தான் தேர்டு-பார்ட்டி ஆட்-ஆன் என்கிறோம். ஈஸி-தம்ப்நெய்ல்ஸ், சோர்ல்-தம்ப்நெய்ல் என்று சில உண்டு. நான் எடுத்துக்கொண்டது ஈஸி-தம்ப்நெய்ல்ஸ்.

பில்லோவின் கதையையும் தெரிந்துகொள்வது நல்லது. ஃபிரெட்ரிக் லுண்ட் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர் 1995-இல் தொடங்கிய பைத்தான் இமேஜிங் லைப்ரரி, சுருக்கமாகப் பிஐஎல், 2009-க்குப் பிறகு புதிய பதிப்பு இல்லாமல் நின்றுபோனது. அதிலிருந்து 2010-இல் கிளை பிரித்து வளர்க்கப்பட்டதுதான் பில்லோ. பழைய புரோகிராம்கள் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக உள்ளே கூப்பிடும் பெயர் இன்னமும் பிஐஎல்தான். இன்ஸ்டால் செய்யும்போது பில்லோ, இம்போர்ட் செய்யும்போது பிஐஎல். வீட்டில் ஒரு பெயர், பள்ளி ரிஜிஸ்டரில் ஒரு பெயர் என்று நம்மில் பலருக்கு இல்லையா? அது மாதிரி.

பொருத்தும் முறை: ஏழு படிகள்

1. முதலில் தனி அறை. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் வென்வ் என்ற தனிச் சூழல் உருவாக்கி, அதை ஆக்டிவேட் செய்த பிறகே எதையும் இன்ஸ்டால் செய்யுங்கள். ஒருவரின் லேப் நோட்டில் இன்னொருவர் எழுதாமல் இருப்பது போல, ஒரு புராஜெக்டின் பதிப்புகள் மற்றதைக் கெடுக்காது.

2. பிப் இன்ஸ்டால் ஈஸி-தம்ப்நெய்ல்ஸ் என்று அடியுங்கள். பில்லோ இல்லையென்றால் அதுவும் கூடவே வந்துவிடும்.

3. செட்டிங்ஸ் ஃபைலில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் பெயரைச் சேருங்கள். இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். இன்ஸ்டால் செய்யும்போது இரு சொற்களுக்கு நடுவே நடுக்கோடு. பட்டியலில் எழுதும்போது அடிக்கோடு. மாற்றி எழுதினால் மாட்யூல் கிடைக்கவில்லை என்று திட்டு விழும்.

4. மைக்ரேட் கட்டளையை ஓட்டுங்கள். எந்த மூலப் படத்துக்கு எந்தச் சிறுபடம் செய்தோம் என்று இந்த ஆட்-ஆன் டேட்டாபேஸில் குறித்து வைக்கிறது. அந்த அட்டவணைகள் இல்லாமல் அது வேலை செய்யாது.

5. மீடியா ரூட், மீடியா யூஆர்எல் இரண்டையும் செட்டிங்ஸில் எழுதுங்கள். முதலாவது ஃபைல் டிஸ்க்கில் இருக்கும் இடம், இரண்டாவது வெளியிலிருந்து அதைக் கேட்கும் முகவரி. படம் ஏற்றும் ஃபாரத்தில் என்க்டைப் என்ற இடத்தில் மல்டிபார்ட் ஃபார்ம்-டேட்டா என்று குறிப்பிட மறக்க வேண்டாம். மறந்தால் ஃபாரம் போகும், படம் போகாது. டீபக் ஆன் செய்திருக்கும்போது மட்டுமே மீடியா படங்களை ஜாங்கோவே பரிமாறும்படி வைக்க முடியும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிஜ சர்வரில் அதை வெப் சர்வர்தான் செய்ய வேண்டும்.

6. டெம்ப்ளேட்டின் மேலே லோட் தம்ப்நெய்ல் என்று எழுதிவிட்டு, படம் வரும் இடத்தில் தம்ப்நெய்ல் டேக்கைப் போட்டு, படத்தின் பெயர், 300x300, கிராப் என்று வரிசையாகக் கொடுங்கள். கிராப் போட்டால் விகிதம் கெடாமல், ஓரம் வெட்டி, சரியாகச் சதுரமாக வரும். போடாவிட்டால் 300-க்குள் அடங்கும் அளவு வரும். (சோர்ல் ஆட்-ஆனும் இதே பெயரில்தான் டேக் வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே புராஜெக்டில் போட்டுக் குழம்பாதீர்கள்.)

7. பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். முதல்முறை திறக்கும்போது சிறுபடங்கள் உருவாகும், அதனால் கொஞ்சம் தாமதம். அடுத்தமுறை தயாராக இருப்பதையே எடுத்துக் கொடுக்கும்.

ஏழு படியும் ஏறியும் படம் வரவில்லை!

நான் இரண்டாம் படியில் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். போன பேட்ச் சீனியர் அண்ணன் ஒருவர் 2023 தொடக்கத்தில் செய்த புராஜெக்ட் லேப் மெஷினில் இருந்தது. அதில் இதே ஆட்-ஆன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியைப் பார்த்து வாங்குவோமே என்று, அவருடைய பட்டியலில் ஆட்-ஆனுக்கு என்ன பதிப்பு எண் இருந்ததோ அதையே பார்த்து அடித்தேன்.

இன்ஸ்டால் ஆனது. மைக்ரேட் ஆனது. பக்கம் திறந்தது. 62 பெயர், 62 வெற்றுக் கட்டம்! எரர் ஒரு வரி கூட இல்லை. லேப் மெஷினில் அண்ணனின் புராஜெக்டைத் திறந்தால் படங்கள் வரிசையாகச் சிரிக்கின்றன. மறுநாள் மதியம் சாப்பாடு கூட இறங்கவில்லை.

லேப் சார் வந்து பார்த்தார். "எரர் இல்லேன்னு யாருப்பா சொன்னது? அது வாயை மூடிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான். வாயைத் திறக்க வை" என்றார். ஆட்-ஆனின் குறிப்பேட்டைப் படித்தபோதுதான் தம்ப்நெய்ல் டீபக் என்று ஒரு செட்டிங் இருப்பது தெரிந்தது. வழக்கமாக அது ஆஃப். சிறுபடம் செய்யும்போது என்ன தவறு நடந்தாலும், பக்கம் உடையாமல் இருப்பதற்காக, வெற்றிடத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். அதை ஆன் செய்தேன். உடனே உண்மை வெளியே வந்தது: பிஐஎல் இமேஜில் ஆன்டிஏலியாஸ் என்று ஒன்று இல்லையாம்.

காரணம் இதுதான். படத்தைச் சுருக்கும்போது ஓரங்கள் பல் பல்லாகத் தெரியாமல் இருக்க ஒரு வடிகட்டும் முறை வேண்டும். அதற்கு லாங்சோஸ் என்று பெயர். பில்லோவில் அதே முறைக்கு ஆன்டிஏலியாஸ் என்ற பழைய பெயரும் இருந்தது. 2023 ஜூலையில் வந்த பில்லோ 10-இல் அந்தப் பழைய பெயரை எடுத்துவிட்டார்கள். அண்ணனின் சூழலில் இருந்தது அதற்கு முந்தைய பில்லோ. என்னிடம் இருந்ததோ இமேஜ்ஃபீல்டுக்காக அப்போதுதான் இன்ஸ்டால் செய்த புதிய பில்லோ. பழைய ஆட்-ஆன் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட, அந்தப் பெயரில் ஆளே இல்லை.

ஃபிட்டிங் ஷாப்பில் படித்தோமே, நட்டும் போல்ட்டும் ஒரே விட்டமாக இருந்தால் போதாது, பிட்ச்சும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று. அதே கதைதான். பொருள் இரண்டும் நல்லவை. ஜோடி தப்பு.

இரண்டு வழி, எது சரி?

"பில்லோவை 9.5-க்கு இறக்கிடு, ரெண்டு நிமிஷ வேலை" என்றான் ஒரு நண்பன். இறக்கினால் ஓடும்தான். ஆனால் 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைத் திறக்கும் லிப்வெப்பி என்ற நூலகத்தில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. வேண்டுமென்றே கெடுத்து உருவாக்கிய ஒரு படத்தைத் திறக்க வைத்தாலே கம்ப்யூட்டருக்குள் நுழைய வாய்ப்பு தரும் ஓட்டை. அதைச் சரிசெய்த நூலகத்தோடு வந்தது பில்லோ 10.0.1. பின்னால் போய் 9.5-இல் உட்கார்ந்தால் அந்த ஓட்டையோடு உட்கார வேண்டும். யார் வேண்டுமானாலும் படம் ஏற்றலாம் என்ற தளத்துக்கு அது ஆகுமா?

ஆகவே ஆட்-ஆனை முன்னேற்றினேன். வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, என் ஜாங்கோவுக்கு எந்தப் பதிப்பு ஒத்துவரும் என்று பார்த்து ஏற்றினேன். 62 முகமும் வந்தது. கிராமத்து நண்பனை அழைத்து அவன் மொபைலிலேயே திறந்து காட்டினேன். "இப்போ ஓகேடா" என்றான். பிறகு பிப் ஃப்ரீஸ் கட்டளையால் எல்லாவற்றின் பதிப்பு எண்ணையும், பில்லோ உட்பட, ஒரு ஃபைலில் எழுதி வைத்தேன். அடுத்த ஆண்டு ஜூனியர் தம்பி யாராவது இதே குழியில் விழக் கூடாது அல்லவா?

இத்தோடு கட்டுரை முடிந்திருந்தால் நான் கதாநாயகன். முடியவில்லை.

தோழி கேட்ட கேள்வி

இரண்டு நாள் கழித்து, எங்கள் வகுப்புத் தோழி ஒருவர் மொபைலை நீட்டினார். "இது என் போட்டோதானே? பக்கத்துல சின்னதாத்தான் இருக்கு. ஆனா முகவரியில வாலை வெட்டிட்டுத் திறந்தா முழுப் போட்டோவும் வருது. பாரு" என்றார்.

பார்த்தேன். இந்த ஆட்-ஆன் சிறுபடத்தை மூலப் படத்துக்குப் பக்கத்திலேயே, மூலத்தின் பெயரோடு 300x300, தரம் 85, கிராப் என்று ஒரு வால் சேர்த்து வைக்கிறது. வாலை நீக்கினால் மூலத்தின் முகவரி. யாருக்கும் தெரிந்துவிடும்.

அவர் அடுத்துக் காட்டியதுதான் என்னைக் கலங்கடித்தது. அந்த முழுப் படத்தை டவுன்லோடு செய்து விவரம் பார்த்தால், எடுத்த தேதி, நேரம், மொபைல் மாடல், அதற்குக் கீழே ஒரு மேப். மேப்பில் அவர்கள் வீட்டுத் தெரு. மொபைல் கேமராவில் லொகேஷன் ஆன் ஆக இருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை படத்துக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். எக்ஸிஃப் என்று அதற்குப் பெயர்.

"எங்க வீட்டு வாசல்ல எடுத்த போட்டோ. இதை யார் யார் பார்த்திருப்பாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் கூட தேவலை. மெதுவாகத்தான் கேட்டார். இன்று வரை அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது.

அன்றிரவே பக்கத்தை இறக்கிவிட்டோம். மறுநாள் பேரவைக் கூட்டத்தில் நடந்ததை நானே எழுந்து சொல்லி, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

சரிசெய்த விதம்

முன்பெல்லாம் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் பிரிண்ட் வாங்கினால் நெகட்டிவ் ஸ்டுடியோவில்தான் இருக்கும். சிறுபடம் அந்தப் பிரிண்ட். பில்லோ ஜேபெக்காகச் சேமிக்கும்போது, நாம் கேட்டால் ஒழிய எக்ஸிஃபை எழுதுவதில்லை. அதனால் சிறுபடத்தில் இடவிவரம் இல்லை. நெகட்டிவில் இருந்தது. அந்த நெகட்டிவை நான் வாசலில் தொங்க விட்டிருந்தேன்.

இதற்கு ஈஸி-தம்ப்நெய்ல்ஸிலேயே மருந்து இருந்தது, நான்தான் படிக்கவில்லை. மாடலில் சாதாரண இமேஜ்ஃபீல்டுக்குப் பதிலாகத் தம்ப்நெய்லர் இமேஜ்ஃபீல்டு போட்டு, ரீசைஸ் சோர்ஸ் என்ற ஆப்ஷனில் 1200, 1200 என்று அளவு கொடுத்தால், ஏற்றும்போதே மூலப் படத்தைச் சுருக்கித்தான் சேமிக்கும். மறுபடி சேமிப்பதால் எக்ஸிஃபும் போய்விடும். டிஸ்க் இடமும் மிச்சம்.

ஆனால் இது இனி ஏற்றும் படங்களுக்கு மட்டுமே. ஏற்கெனவே ஏறிய 62 படங்களுக்குப் பில்லோவை வைத்துச் சின்ன புரோகிராம் ஒன்று எழுதினேன். ஒவ்வொரு படத்தையும் திற, எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ் செய், 1200-க்குள் சுருக்கு, சேமி. நடுவில் உள்ள அந்த டிரான்ஸ்போஸை விட்டுவிடாதீர்கள். மொபைலைத் திருப்பிப் பிடித்து எடுத்த படத்தில், எந்தப் பக்கம் மேல் என்ற குறிப்பும் எக்ஸிஃபில்தான் இருக்கிறது. அதன்படி முதலில் படத்தைத் திருப்பிவிட்டுப் பிறகு எக்ஸிஃபை நீக்க வேண்டும். இல்லையென்றால் ஆட்கள் படுத்துக்கொண்டு இன்டர்வியூவுக்கு வருவார்கள்!

கடைசியாகத் தோழியையே அழைத்து, "நீங்களே செக் பண்ணுங்க" என்றேன். வாலை வெட்டிப் பார்த்தார். டவுன்லோடு செய்து விவரம் பார்த்தார். மேப் இல்லை. அவர் தலையசைத்த பிறகே பக்கத்தை மறுபடி ஏற்றினோம்.

ஆட்-ஆன் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். 2019 டிசம்பரில் ஜெல்லிஃபிஷ் என்ற நல்ல நூலகத்தின் பெயரில், சின்ன எல் எழுத்துக்குப் பதில் பெரிய ஐ எழுத்தைப் போட்டு ஒரு போலி பிடிபட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். போலி செய்த வேலையோ சாவிகளைத் திருடுவது.

கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, உங்கள் ஜாங்கோவுக்கும் பைத்தானுக்கும் ஒத்துவருமா, லைசென்ஸ் என்ன என்று பாருங்கள்.

பழைய பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு காப்பி அடிக்காதீர்கள். ரெக்கார்டு நோட்டுக்கு வேண்டுமானால் அது உதவும், சர்வருக்கு உதவாது.

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எது கெடுத்தது என்று தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "ஓடுகிறதா?" என்று கேட்பதோடு நிற்காமல், "நான் காட்டாதது எதுவும் தெரிகிறதா?" என்றும் கேளுங்கள். முதல் கேள்விக்கு மார்க் கிடைக்கும். இரண்டாவது கேள்வியை எனக்கு எந்த வைவாவிலும் யாரும் கேட்கவில்லை. ஒரு தோழிதான் கேட்டார்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மொபைல் கேமரா செட்டிங்ஸைத் திறந்து, லொகேஷன் ஆன் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் தங்கை, அக்கா மொபைலையும் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் இரண்டாம் மாடி கம்ப்யூட்டர் லேபில், மதிய இடைவேளையில், ஜன்னல் ஓர மெஷினில் இருப்பேன். வாங்க, சேர்ந்து பார்ப்போம்.



– மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை